சரிபார்க்கப்பட்ட தெர்மாமீட்டர்

செகந்திராபாத்தை அடுத்து நாங்கள் இருக்கும் குஷாய்குடாவில் புதிதாகக் குழந்தை பிறந்த வீடு எதுவானாலும் என் மனைவி ஸ்டெல்லா என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். கொண்டுபோன பழத்தைக் கொடுத்து, குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்க செஞ்ச காரியத்தைச் சொல்லுங்க" என்பாள். நான் சொல்ல வேண்டும். பத்து வீடுகளுக்கு மேல் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இனிமேல் காகிதத்தை நீட்டிவிட்டு நான் நிம்மதியாகக் காப்பி குடிப்பேன்.

நான் செய்த காரியம் இதுதான். பிறந்து பதினேழு நாளான என் மகளுக்குக் காய்ச்சல் அடித்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாமல், தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்கு ஓடினேன்.

சிரிக்கலாம். இப்போது நானும் சிரிக்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

என் பிழைப்பைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் இது புரியும். எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் செய்யும் அரசாங்க ஃபேக்டரியில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. ஒரு மீட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்னால் அந்த மீட்டரையே நம்பலாமா என்று பார்ப்போம். சரியாக இருந்தால் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் சரிபார்த்த தேதி, ஒரு வருடம் கழித்து மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதி, கையெழுத்து, எல்லாம் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாத கருவி எங்களைப் பொறுத்தவரை கருவியே இல்லை. இந்தப் புத்தி ஃபேக்டரி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மளிகைக் கடைத் தராசு, சர்ச் கடிகாரம் என்று நான் சந்தேகப்படாத பொருள் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். காலை ஏழரை மணி. நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பாப்பா உடம்பு சுடுது" என்றாள் ஸ்டெல்லா.

நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். நூற்றொன்று காட்டியது.

"இது எந்தக் காலத்துத் தெர்மாமீட்டர்? யாரு செக் பண்ணாங்க இத?" என்றேன்.

"என் கைக்கே தெரியுதுங்க. விடிஞ்சதிலேர்ந்து பாலும் குடிக்க மாட்டேங்குறா."

"கைங்கிறது ஒரு இன்ஸ்ட்ருமெண்டா ஸ்டெல்லா? செக்‌ஷன்ல வாட்டர் பாத் இருக்கு. வச்சுப் பாத்துட்டு பத்து மணிக்குள்ள வந்துடுறேன்."

பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஸ்டெல்லாவின் அக்கா எஸ்தர் செகந்திராபாத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். தமிழில் பாதி ஊர்ப்பேச்சு கலந்திருக்கும். அவர் அடுப்படியிலிருந்தே, "நக்கோ தம்பி, அதெல்லாம் வேணாம், இப்பவே டாக்டர்ட்ட காட்டிருவோம்" என்றார். நான் கேட்கவில்லை. பச்சைக் குழந்தையை ஒரு தப்பான மீட்டரை நம்பி ஆஸ்பத்திரியில் போட்டு ஊசி குத்த விடலாமா என்பது என் வாதம். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற முட்டாள்தனத்தைத் தடுப்பதுதான் கஷ்டம்.

சொந்தப் பொருளை ஃபேக்டரிக்குள் கொண்டுபோனால் திரும்ப வெளியே எடுத்துவர கேட்டில் ஒரு சீட்டு எழுத வேண்டும். செக்யூரிட்டிக்காரர் 'தெர்மாமீட்டர், உடல், ஒன்று' என்று எழுதி முடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. வாட்டர் பாத் என்கிற வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் ஒரே சூட்டில் நிலைக்க ஒன்றரை மணி நேரம். நாலு இடத்தில் அளவு பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பாதரசத்தை உதறி இறக்க வேண்டும். எங்கள் பிரிவின் மூலத் தெர்மாமீட்டருக்கும் அதற்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. வீட்டில் நூற்றொன்று காட்டியது என்றால் நூற்றொன்றேதான்.

உடனே வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். ஷிஃப்டின் நடுவில் வெளியே போக அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங் முடிந்து சாப்பாட்டுக்குப் போனார். நான் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்றரை. முழுதாக ஆறு மணி நேரம். கிளம்பும் அவசரத்திலும் பழக்க தோஷம் விடவில்லை. தெர்மாமீட்டரின் பெட்டியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றிருந்தாள். பாப்பா அழக்கூட இல்லை, முனகிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது. எஸ்தர் அக்கா பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி ஆட்டோவை ஏற்கனவே வரவழைத்து நிறுத்தியிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் நான் வராவிட்டால் அவர்களே கிளம்பியிருப்பார்கள். நகரத்துக்குள் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஸ்டெல்லா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே எங்களைப் பார்த்தவர் டாக்டர் வசுந்தரா. தெலுங்குக்காரர், மதராஸில் படித்தவர் என்பதால் எங்களிடம் தமிழிலேயே பேசினார். பாப்பாவின் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாள் குழந்தை?"

"பதினேழு."

"காய்ச்சல் எப்போ பாத்தீங்க?"

"காலைல ஏழரைக்கு" என்றாள் ஸ்டெல்லா.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். "நடுவுல என்ன செஞ்சீங்க?"

ஸ்டெல்லா பையிலிருந்து தெர்மாமீட்டர் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். டாக்டர் ஸ்டிக்கரைப் படித்தார். அன்றைய தேதி. அடுத்த வருடத் தேதி. என் கையெழுத்து. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெர்மாமீட்டர் நல்லா இருக்கு. குழந்தை நல்லா இல்லை" என்றார். அவ்வளவுதான்.

பிறகு வேலையைத் தொடங்கிக்கொண்டே விளக்கினார். பெரியவர்களுக்கு நூற்றொன்று காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கலாம். ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு அது ஒன்றே போதும், ஆஸ்பத்திரியில் சேர்க்க. அந்த வயதில் உடம்புக்கு எதிர்த்து நிற்கத் தெரியாது. பாக்டீரியா என்றால் ரத்தத்தில் பரவி மூளையைச் சுற்றியுள்ள உறைவரை சில மணி நேரத்தில் போய்விடலாம். வைரஸ் என்றால் பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். "மூஞ்சியைப் பாத்து எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அதனால பாக்டீரியான்னே வச்சுக்கிட்டு உடனே ஆன்டிபயாடிக் போட்டுடுவோம். காரணத்தை அப்புறம் தேடுவோம்."

சில மணி நேரம் என்ற சொல் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி விழவில்லை.

ஒரு கேள்வி மட்டும் நினைவிருக்கிறது. "வீட்டுல யாருக்காவது காய்ச்சல், தொண்டை வலி, சளி?"

"இல்ல டாக்டர்" என்றேன். மனதார அப்படித்தான் நம்பினேன். இந்தப் பதிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மூளையைச் சுற்றி இருக்கும் அதே நீர்தான் முதுகெலும்புக்குள்ளும் இறங்கி இருக்கிறது, அதில் சில சொட்டு போதும் என்று சிஸ்டர் சொன்னார். தினமும் நூறு கையெழுத்துப் போடுகிறவன், என் பெயரின் முதல் எழுத்தை மறந்து நின்றேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் எஸ்தர் அக்கா உட்கார்ந்துகொண்டார். உள்ளே பாப்பா வீறிட்டு அழுதாள். "ஹவ், ஆமா, அழட்டும், அழட்டும். சத்தம் வருதுல்ல" என்று அக்கா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, என் பக்கம் பார்க்காமலே, என் கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அன்றைக்கு எனக்குக் கிடைத்திருக்காவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

தண்டுவட நீர் தெளிவாக இருந்தது. கலங்கி இருந்திருந்தால் கவலை அதிகமாம். ஆனால் அதில் இருக்கக் கூடாத அளவுக்கு வெள்ளை அணுக்கள் இருந்தன. மூளை உறையில் ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை அளவு சரியாக இருந்ததால் வைரஸ் என்று ஊகிக்கலாம். ஊகம்தான். ரத்தத்தையும் நீரையும் தட்டுகளில் வைத்து பாக்டீரியா வளருகிறதா என்று மூன்று நாள் பார்த்தால்தான் ஓரளவு உறுதியாகும். அதுவரை ஊசி மருந்து நிற்காது.

அந்த மூன்று நாட்களை எப்படி எழுதுவது? கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஒரு பக்கம் முடியை மழித்து ஊசியைச் செருகியிருந்தார்கள். முதுகு ஊசிக்குக் கலங்காத ஸ்டெல்லா, அந்த முடிக்காக அழுதாள். மழித்த முடியைச் சிஸ்டர் ஒரு பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். ஸ்டெல்லா அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். எஸ்தர் அக்கா செகந்திராபாத் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி ரசம் சாதம் கொண்டுவருவார். எனக்கும் சேர்த்தே கொண்டுவருவார், ஆனால் என் டப்பாவில் அப்பளம் இருக்காது. அதுதான் தண்டனை என்று நான் எடுத்துக்கொண்டேன். சிகிச்சைச் செலவை ஃபேக்டரியே ஏற்றுக்கொண்டது. அந்தக் கவலை இல்லாததால் மற்றக் கவலைக்கு நிறைய இடம் இருந்தது.

எங்கள் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கட்டில் அட்டையில் 'ஸ்டெல்லாவின் குழந்தை' என்று எழுதியிருந்தது. காய்ச்சலைக் குறிக்கும் தாள் அந்த அட்டைக்குக் கீழே தொங்கும். மூன்று நாளும் நான் அதில் வரைந்த காய்ச்சல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டரின் தெர்மாமீட்டரில் ஸ்டிக்கர் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வரை தட்டுகளில் ஒன்றும் வளரவில்லை. நாலாம் நாள் காலை கோடு இறங்கியது. மத்தியானம் பாப்பா பால் குடித்தாள். குடித்தாள் என்றால், பசித்த பூனைக்குட்டி மாதிரி சத்தம் போட்டுக் குடித்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்து, "குடிக்கிறா" என்றாள். நாலு நாளில் அவள் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தேன்.

டாக்டர் வசுந்தரா வந்து, "வைரஸ்தான், பயப்படாதீங்க" என்றார்.

"எந்த வைரஸ் டாக்டர்?"

"அது தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? அதுக்கு மருந்து கிடையாது. தானா போயிட்டிருக்கு."

"எங்க செக்‌ஷன்ல, காரணம் தெரியலன்னு எழுதி ஒரு மீட்டரையும் வெளிய அனுப்ப மாட்டோம்."

விறைப்பாகச் சொல்லிவிட்டேன். உண்மை வேறு. "கல்ச்சர் தட்டுல வளரலன்னா பாக்டீரியா இல்லவே இல்லன்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது" என்று அவரே முந்தின நாள் சொல்லியிருந்தார். இது பாக்டீரியாவாக இருந்து, நான் தின்ற ஆறு மணி நேரத்தில் என் மகளுக்குக் காதோ மூளையோ பழுதாகியிருந்தால்? அது வளர வளரத்தான் தெரியும் என்கிறார்கள். வைரஸின் பெயரை வைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. என் குற்றம் எவ்வளவு என்று தெரிய வேண்டியிருந்தது.

டாக்டர் மேஜைக்குள்ளிருந்து ஒரு நீள ரிஜிஸ்டரை எடுத்தார். காய்ச்சலோடு வந்த கைக்குழந்தைகளின் பட்டியல். பாக்டீரியா கிடைக்காதவர்களின் மாதிரிகளை ஐஸில் வைத்து வேறு ஊரிலுள்ள வைரஸ் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தக் காலத்தில் எந்த வைரஸ் குழந்தைகளைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், பின்னால் வருகிற குழந்தைகளுக்கு இத்தனை ஊசியும் மருந்தும் தேவையா என்று முடிவு செய்யலாம் என்பது அவர் எண்ணம்.

வைரஸைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது என்றார். அதனால் அது செய்கிற நாசத்தைப் பார்ப்பார்களாம். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, மாதிரியை அதில் விட்டுத் தினமும் கவனிப்பார்கள். உயிரணுக்கள் உருண்டு உதிர்ந்தால் வைரஸ் இருக்கிறது. எது என்று தெரிய, ஒவ்வொரு வைரஸையும் முடக்கக்கூடிய சீரத்தை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். எந்தச் சீரத்தைச் சேர்த்ததும் உயிரணுக்கள் பிழைக்கின்றனவோ, அந்தச் சீரத்துக்கு உரிய வைரஸ்தான் ஆள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கெட்டுப்போன மீட்டர்ல நாங்க சர்க்யூட் கார்டை ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கிற மாதிரி!"

"அப்படின்னா நீங்களும் வேணும். குழந்தைகிட்ட எடுத்த மாதிரியோட அம்மா அப்பாவோட மாதிரியும் அனுப்பணும். நாளைக்குக் காலைல மலம் கொண்டு வாங்க" என்று என் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். எஸ்தர் அக்கா அந்த நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாதம் ஒருமுறை காட்டச் சொன்னார்கள். நான் பாப்பாவின் தலைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குவேன். திரும்புவாள். அடுத்த நாளும் குலுக்குவேன். ஸ்டெல்லா சாவியைப் பிடுங்கி ஒளித்து வைக்கும்வரை குலுக்கினேன்.

இரண்டரை மாதம் கழித்து முடிவு வந்தது. அன்றைக்கு நானும் ஸ்டெல்லாவும் பாப்பாவோடு போயிருந்தோம். டாக்டர் தாளைப் பிரித்தார்.

"தண்டுவட நீர்லயே கிடைச்சிருக்கு. காக்ஸாக்கி. அமெரிக்கால முதல்ல கண்டுபிடிச்ச ஊரோட பேர். இதுக்கு அன்னிக்கும் மருந்து இல்ல, இன்னிக்கும் இல்ல. நீங்க காலை ஏழரைக்கே வந்திருந்தாலும் இதே பத்து நாள்தான் ஆகியிருக்கும்."

மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. டாக்டர் என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "ஆனா அன்னிக்கு அது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இன்னொரு குழந்தைக்கு அது பாக்டீரியாவா இருக்கும். மறந்துடாதீங்க" என்றார். பிறகு தாளின் கீழ்வரியைப் படித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். "அப்பாவோட மாதிரிலயும் அதே வைரஸ்."

எனக்கு அந்த வரியைப் படிக்க நேரமாயிற்று.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால் எனக்கு ஒரு நாள் உடம்பு காய்ந்தது. தொண்டை வலித்தது. வாயில் புண். கேன்டீன் டீ சூடு என்று நினைத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனேன். அந்த வருடம் ஒரு நாள்கூட லீவு போடாதவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. வருகைக் கார்டைப் பஞ்ச் செய்துவிட்டால், என் கணக்கில் எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று டாக்டர் கேட்டபோது என்னை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாப்பாவின் விரல்களை வாயில் வைத்து முத்தமிட்டது யார்? எல்லா மீட்டரையும் சந்தேகப்பட்டேன். என்னைச் சந்தேகப்படவில்லை.

பஸ் ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டி எங்கள் இடத்தை நெருங்கியது. அப்போது, "நான்தான் கொண்டுவந்து குடுத்திருக்கேன் ஸ்டெல்லா" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"உங்க வாய்ல புண்ணுன்னு அன்னிக்கு மோர் சாதம் பிசைஞ்சு குடுத்தது யாரு? டாக்டரம்மா கேட்டப்பவே ஞாபகம் வந்துச்சு. நீங்க இல்லன்னீங்க. நானும் பேசாம இருந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

அவள் பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்தாள். "காய்ச்சல்காரர் கைல புள்ளையைக் குடுத்தது நான்தானே. எங்கிட்ட என்ன கேப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க கொண்டுவந்ததுக்கு நான் கோவப்படல. யாருக்கும் தெரிஞ்சு வர்றதில்ல அது. அந்த ஆறு மணி நேரம் வைரஸால ஒண்ணும் ஆகலன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சரி. நான் சுடுதுன்னு சொன்னேன், நீங்க கண்ணாடிக் குச்சியை எடுத்துக்கிட்டுப் போனீங்க. அத எந்த லேப்ல குடுத்துப் பாக்கறது?"

இறங்கும் இடம் வந்துவிட்டது. பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் முதலில் இறங்கினாள்.

மகளுக்கு ரூத் என்று பெயர் வைத்தோம். ஒன்பதாம் மாதத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் திரும்பினாள், கூப்பிடாவிட்டாலும் திரும்பினாள். காதைப் பற்றிய பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் எங்கள் காதுக்குத்தான் பயம்.

அவளுடைய முதல் பிறந்தநாள் முடிந்த மூன்றாம் வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா ரூத்தின் கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "ஏங்க, சுடுது" என்றாள்.

நான் அந்த வருடம் வாங்கிய ஸ்கூட்டரை வெளியே தள்ளிக் கிளப்பினேன். ஸ்டெல்லா வாசலில் ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையில் தெர்மாமீட்டர் பெட்டியோடு நின்றாள். பச்சை ஸ்டிக்கரின் தேதி அந்த வாரத்தோடு தீர்ந்திருந்தது.

"எவ்வளவுன்னு பாக்க வேண்டாமா?"

"உன் கை சொல்லிடுச்சுல்ல. ஏறு."

அவள் பெட்டியை ஜன்னல் மேல் வைத்துவிட்டு வந்து ஏறினாள். அது வெறும் சளிக் காய்ச்சல்தான். டாக்டர் வசுந்தரா ஒரு மருந்துச் சீட்டு எழுதிச் சிரித்து அனுப்பிவிட்டார். தெர்மாமீட்டர் இன்றும் வீட்டில் இருக்கிறது. அதை மறுபடி சரிபார்க்க நான் எடுத்துக்கொண்டு போகவே இல்லை.